கமக்காரர் படகு வாங்குமுன்: புதிதாகக் கடற்றொழில் பழகுவோர்க்குச் சில குறிப்புகள்

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் சிலர் எம்மிடம் ஒரு வினாவை விடுத்து வருகின்றனர். "தோட்டவேலை குறைந்திருக்கும் மாதங்களில் ஒரு படகை வைத்துத் தொழில் செய்தால் என்ன?" என்பதே அவ்வினா. வடகரை எமது ஊரிலிருந்து ஏறக்குறைய 6 மைல் தொலைவிலேயே உள்ளது. ஆதலின் இவ்வெண்ணம் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும், படகைப் பணங்கொடுத்து வாங்கலாம். கடலறிவைப் பணங்கொடுத்து வாங்க இயலாது. இவ்வேறுபாட்டை உணராதார் முதலையும் இழப்பர். சிலவேளை உயிரையும் இழப்பர்.

கடற்றொழில் செய்யும் குடியிற் பிறந்தோருக்கும் இது பொருந்தும். மயிலிட்டி மக்கள் 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய துறைமுகப் பகுதி 2017ஆம் ஆண்டிலேயே விடுவிக்கப்பட்டது. அந்த 27 ஆண்டுகளில் வேற்றிடத்திற் பிறந்து வளர்ந்த இளைஞன், தன் பாட்டன் தொழில் செய்த துறைக்கே புதியவனாக வந்து சேர்ந்தான். கடலறிவு இரத்தத்தில் ஊறி வருவதன்று. பருவந்தோறும் பழகிப் பெறுவதாகும்.

1. காற்றை அறிதல்

மழையையும் பனியையும் அறியாதவன் வெங்காயம் நடமாட்டான். அவ்வாறே காற்றை அறியாதவன் படகேறலாகாது. கார்த்திகை முதல் தை வரை வடகரையில் வாடைக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். அலை கரையிலேயே உடைந்து எழுவதால் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். எவரும் துணிந்து இறங்கார். புயல்கள் பெரும்பாலும் வருவதும் இக்காலத்திலேயே. 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் எமது வடபகுதியையும் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியையும் அழித்தமை முதியோர் அறிந்ததே.

பங்குனி, சித்திரையிற் கடல் அமைதியடையும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகக்காற்று வீசும். நெல்லும் வெங்காயமும் வீடு வந்து, கமக்காரருக்கு ஓய்வு கிடைக்கும் காலமும் இதுவே. ஆனால் சோழகம் புதியவனை ஏமாற்றும் காற்றாகும். அது தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து கடலுக்குச் செல்வதால், வடகரையில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் குளம்போலத் தோன்றும். இரண்டு மூன்று மைல் சென்றபின்னரே காற்றின் வலிமை தெரியும். பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடலாதலால், அங்கு காற்றெழுந்த சிறிது நேரத்திலேயே நெருக்கமான, செங்குத்தான அலைகள் எழும். அந்நிலையில் இயந்திரம் நின்றுவிடின், காற்று படகை வடகிழக்கே, கரையை விட்டு அப்பாற் கொண்டுசெல்லும். ஆகவே, படகைக் கடலுக்குட் கொண்டுசெல்வது தொழிலன்று. அதனைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவருவதே தொழில் என்பதை மனத்திற் பதித்தல் வேண்டும்.

புறப்படுமுன் வானிலை அறிக்கையைக் கேட்டல் வேண்டும். கடற்பரப்புகளுக்கான முன்னறிவித்தலில் மன்னாரிலிருந்து காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரை என்று குறிக்கப்படும் பகுதியே எமக்குரியது. அதிற் கொந்தளிப்பு என்னும் சொல் வருமாயின், கரை எவ்வளவு அமைதியாகத் தோன்றினும் அன்று தோட்டத்தைக் கவனிப்பதே நன்று.

2. மூன்று படியாகப் பழகுதல்

முதற்படி பரவைக் கடலாகும். யாழ்ப்பாணக் கடனீரேரி பெரும்பாலும் ஆளாழத்துக்கு மேற்படாதது. இறால், நண்டு, திரளி முதலியன அங்கு அகப்படும். இயந்திரத்தைத் தொடாமல், துடுப்பும் மரக்கோலும் கொண்டு படகை நேரே செலுத்தவும், திருப்பவும், நங்கூரமிட்டு நிறுத்தவும் இங்கே பழகுதல் வேண்டும். வலையைச் சிக்கலின்றி விடவும் வாங்கவும் கற்க ஏற்ற இடமும் இதுவே.

இரண்டாம்படி கரை கண்ணுக்குத் தெரியும் தூரமாகும். ஒரு பருவம் முழுவதும் பகலில் மட்டும், அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டே செல்லுதல் வேண்டும். வடகரையோரம் கற்பார் நிறைந்தது. அப்பாரினூடே படகு சென்றுவரும் வாய்க்காலை அங்குள்ளோர் வான் என்பர். ஒவ்வொரு துறையின் வானையும், அதற்குக் குறியாகக் கொள்ளும் கோபுரத்தையும் பனைகளையும் அறிந்துகொள்ளாமல் இருட்டிற் கரைசேர முயலலாகாது.

மூன்றாம்படி ஆழ்கடலாகும். வடகிழக்கேயுள்ள பேதுரு கடல்மேடைப் பக்கமாகச் சென்றாற் பாரை, அறக்குளா முதலிய விலைபெறும் மீன்கள் கிடைக்கலாம். ஆயின், முதலிரு படிகளை முடியாதவன் அங்கு செல்லலாகாது. எல்லையறிவும் இங்கே இன்றியமையாதது. எமக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள கடலெல்லை பாக்கு நீரிணையில் 1974ஆம் ஆண்டிலும், வங்கக் கடலில் 1976ஆம் ஆண்டிலும் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்டது. அவ்வெல்லை நீரிற் கோடாகத் தெரியாது. காற்று கொண்டுசென்றது என்று கூறினும், அப்பாற் சென்றவன் பிடிபடுதல் கூடும். ஜீ.பீ.எஸ். கருவியையும், அது பழுதுற்றால் உதவத் திசையறி கருவியையும் உடன்கொள்ளுதல் வேண்டும். எதிர்க்கரையின் இழுவைப் படகுகள் இரவில் வந்து வலைகளை அறுத்துச்செல்லும் இடர் இக்கடலில் உண்டு. கடனுக்கு வாங்கிய வலை அனைத்தையும் ஒரே இரவில் விடாதிருத்தல் புத்தியாகும்.

3. இயந்திரமும் எரிபொருளும்

நீரிறைக்கும் இயந்திரத்தைக் கையாண்ட கமக்காரருக்கு இப்பகுதி எளிது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தையும் பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் சிறிது நேரம் ஓடவிடுதல் வேண்டும். இன்றேல் அடுத்த முறை தொடக்குவது கடினமாகும். கரைசேர்ந்ததும் நன்னீரால் உள்ளும் புறமும் கழுவுதல் அவசியம். எரிபொருளில் நீர் கலவாதபடி வடித்து ஊற்றுதல் வேண்டும்.

தோட்டத்தில் இயந்திரம் நின்றால் பயிர் ஒருநாள் வாடும். கடலில் நின்றாலோ நிலைமை வேறு. எம்மூர்க் கமக்காரர் ஒருவர் வெங்காயம் விற்ற பணத்திற் படகு வாங்கி, ஒரு சோழகக் காலையிற் கடலுக்குச் சென்றார். இயந்திரம் நின்றது; நங்கூரத்தைப் பாரமென்று வீட்டிலேயே விட்டிருந்தார். மாலையில் வேறொரு படகு கண்டு இழுத்து வந்திராவிடின் அவர் திரும்பியிரார். ஆழங்குறைந்த எமது கடலில் கரைக்கு அப்பாற் பல இடங்களில் நங்கூரம் நிலத்தைப் பற்றும். அக்கயிறு நீராழத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

எரிபொருளை மூன்று பங்காக்குக. ஒரு பங்கு செல்வதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு இடருக்கு. 30 லீற்றர் கொண்டுசென்றால், 10 லீற்றர் முடிந்ததும், மீன் கிடைப்பினும் கிடையாவிடினும் திரும்புதல் வேண்டும். செல்லும்போது முதுகிலிருந்து தள்ளிய சோழகம் வரும்போது முகத்தில் எதிர்த்து நிற்கும். படகிற் பாரமும் கூடியிருக்கும்.

படகில் எப்போதும் இருக்கவேண்டியவை: ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, நங்கூரமும் கயிறும், துடுப்பு இரண்டு, குடிநீர், நீரள்ளும் பாத்திரம், ரோச் விளக்கு, நீர்புகாது பொதிந்த கைத்தொலைபேசி, மாற்றுப் பிளக்கும் சாவிகளும். எங்கே செல்கின்றோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டாருக்கும் சங்கத்தாருக்கும் கூறிச்செல்லுதல் வேண்டும்.

கழிவெண்ணெயைக் கடலிலோ நிலத்திலோ ஊற்றலாகாது. 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டபோது நாம் பட்ட துன்பத்தை மறத்தல் தகாது.

4. பதிவும் கணக்கும்

படகைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்திற் பதிந்து, இலக்கத்தைப் படகில் எழுதுவித்து, தொழிலனுமதி பெறுதல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெடியும் நஞ்சும் இட்டு மீன்பிடித்தல் குற்றமாகும். தங்கூசி வலையும் தடைசெய்யப்பட்டதே. கடலடியைக் கிளறும் இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

நெல்லை வாரத்துக்குச் செய்வோர் பங்கு முறையை அறிவர். கடலிலும் எரிபொருள், பனிக்கட்டி முதலிய செலவுகளைக் கழித்தபின்னரே படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கப்படும். இதனை முன்னரே பேசி, ஒரு கொப்பியில் எழுதிவருதல் நன்று. பிடித்த மீனுக்கு நிறைக்குநிறை பனிக்கட்டி இடுதல் வேண்டும். வெயிலிற் கிடந்த மீன் வாடிய கீரையைப்போல விலையிழக்கும்.

இறுதியாக ஒன்று. காணியை ஈடுவைத்துப் படகு வாங்கலாகாது. முதற் பருவத்தில் மற்றொருவரின் படகிற் கூலியாளாகச் சென்று பழகுக. அவர் எக்காற்றுக்கு இறங்குகின்றார் என்பதைக் காட்டிலும், எக்காற்றுக்கு இறங்காது கரையிற் குந்தியிருக்கின்றார் என்பதைக் கவனிக்க. அப்பருவம் முடிந்தபின்னும் விருப்பம் குறையாதிருப்பின், உங்கள் பகுதிக் கடற்றொழிற் பரிசோதகரையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையும் கலந்து படகு வாங்குக. நிலம் ஒரு போகத்திற் செய்த பிழையை மறுபோகத்தில் மன்னிக்கும். கடல் அவ்வாறு மன்னிப்பது அரிது.