நாம் நினைக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறதா?

மணிக்கட்டை எப்போது வேண்டுமானாலும் மடக்கலாம். அவசரம் இல்லை, முன்கூட்டியே திட்டமிடவும் வேண்டாம். மடக்கத் தோன்றும்போது மடக்கினால் போதும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட், தம் சோதனைக்கு வந்த தன்னார்வலர்களுக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான். விதி, சுதந்திரம் பற்றிய பழைய வழக்கை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தது இந்த எளிய வேலைதான்.

தன்னார்வலர்களின் எதிரே இருந்த திரையில் ஓர் ஒளிப்புள்ளி கடிகார முள்போலச் சுழன்றது. ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் 2.56 விநாடி. மடக்கலாம் என்ற எண்ணம் எழுந்தபோது புள்ளி எந்த இடத்தில் இருந்தது என்று அவர்கள் பிறகு சொல்ல வேண்டும். தலையில் ஒட்டிய மின்முனைகள் மூளையின் மின் மாற்றங்களைப் பதிவு செய்தன. கையில் ஒட்டியவை தசை அசையத் தொடங்கிய கணத்தைக் குறித்துக்கொண்டன.

1983இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. கை அசைவதற்கு ஏறக்குறைய அரை விநாடி முன்பே மூளையில் ஒரு மின்னழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. மடக்கும் எண்ணம் எழுந்ததாக அவர்கள் சொன்ன நேரமோ, அசைவுக்கு 0.2 விநாடிதான் முந்தியது. ஆக, எண்ணம் எழுவதற்கு முன்பே மூளை வேலையில் இறங்கிவிட்டது.

அந்த மின்னழுத்தம் லிபெட் கண்டுபிடித்ததல்ல. 1964இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் கோர்ன்ஹூபர் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய மாணவர் லூடர் டீக்கேயும் அதை முதலில் பிடித்தார்கள். ஒருவர் தாமாக விரலை அசைக்கும் முன் மூளையில் என்ன நடக்கிறது என்று அவர்கள் அறிய விரும்பினார்கள். அவர் எப்போது அசைப்பார் என்பது யாருக்கும் தெரியாதே! எனவே மூளைப் பதிவை நாடாவில் சேமித்து, அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கி ஓடவிட்டு, பல பதிவுகளின் சராசரியை எடுத்தார்கள். மெதுவாக ஏறும் ஒரு சரிவு தெரிந்தது. அதற்கு ஆயத்த மின்னழுத்தம் என்று பெயர் வைத்தார்கள்.

லிபெட்டின் சோதனைக்குப் பிறகு அந்தச் சரிவுக்கு வேறொரு பொருள் வந்துவிட்டது. முடிவெடுப்பது மூளை, நாம் வெறும் பார்வையாளர் என்று பலர் எழுதினார்கள். 2008இல் ஜான்-டிலன் ஹெய்ன்ஸ் குழுவினர், மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனைக் கொண்டு இன்னும் ஒரு படி போனார்கள். ஒருவர் இடது பொத்தானை அழுத்துவாரா, வலது பொத்தானை அழுத்துவாரா என்பதற்கான தடயம், அவர் முடிவை உணர்வதற்குச் சில விநாடிகள் முன்பே மூளையில் தென்பட்டது. ஆனால் அந்தக் கணிப்பு சுமார் 60 சதவீதம்தான் சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக வரும்.

லிபெட் சோதனையின் பலவீனம் கடிகாரத்தில் தொடங்குகிறது. மனத்தில் ஓர் எண்ணம் எழுந்த நேரத்தை, கண்ணால் பார்க்கும் புள்ளியோடு பொருத்திச் சொல்ல நம்மால் முடியுமா?

இந்தச் சிக்கல் வானியலாளர்களுக்குப் பழகிய ஒன்று. 1796இல் கிரீன்விச் வானாய்வகத்தின் தலைவர் நெவில் மாஸ்கலைன், டேவிட் கின்னெப்ரூக் என்ற உதவியாளரை வேலையிலிருந்து நீக்கினார். தொலைநோக்கியில் உள்ள கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தை, கடிகாரத் துடிப்பைக் காதால் கேட்டுக்கொண்டே குறிப்பது அங்கே வழக்கம். கின்னெப்ரூக் குறித்த நேரம் மாஸ்கலைன் குறித்ததைவிட 0.8 விநாடி பிந்தியிருந்தது. பின்னாளில் ஃபிரெடரிக் பெஸ்ஸல் என்ற வானியலாளர் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், தேர்ந்த வானியலாளர்களுக்குள்ளும் இப்படிப்பட்ட வேறுபாடு இருப்பது தெரிந்தது. வெளியே தெரியும் விண்மீனுக்கே இந்த நிலை. உள்ளே எழும் எண்ணத்துக்கு?

மூளை நேரத்தை வந்தது வந்தபடி பதிவு செய்வதில்லை. சற்றே திருத்தி எழுதுகிறது. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். சில வேளை விநாடி முள் முதலில் நின்றுவிட்டதுபோலவும், பிறகு ஓடத் தொடங்குவதுபோலவும் தோன்றும். கண் நகர்ந்த நேரத்தில் விழுந்த இடைவெளியை, அடுத்துக் கண்ட காட்சியைக் கொண்டு மூளை நிரப்பிக்கொள்வதால் வரும் மயக்கம் அது.

லண்டனில் பாட்ரிக் ஹாகார்ட் 2002இல் வெளியிட்ட சோதனையும் இதையே சொல்கிறது. பொத்தானை அழுத்திய கால் விநாடியில் ஓர் ஒலி கேட்கும். தாமாக அழுத்தியவர்களுக்கு, அழுத்திய நேரம் சற்றுப் பிந்தியதாகவும் ஒலி சற்று முந்தியதாகவும் தெரிந்தது. செயலும் விளைவும் மனத்தில் நெருங்கி வந்துவிட்டன. 2009இல் வில்லியம் பேங்க்ஸ், ஈவ் இஷாம் இருவரும் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. பொத்தானை அழுத்திய பிறகு வரும் ஓர் ஒலியைச் சிறிது தாமதப்படுத்தினார்கள். முடிவெடுத்ததாக மக்கள் சொன்ன நேரமும் கூடவே தள்ளிப்போனது! செயலுக்கு முன்பு எழுந்த எண்ணத்தின் நேரம், செயலுக்குப் பின்பு கேட்ட ஒலியால் மாறுகிறது என்றால், லிபெட்டின் 0.2 விநாடியை எப்படி அப்படியே நம்புவது?

அந்த மின்னழுத்தம் முடிவின் தடயமா என்பதே அடுத்த கேள்வி. 2012இல் பாரிஸ் அருகே ஆரன் ஷூர்கர் குழுவினர் வேறு விளக்கம் தந்தார்கள். மூளையின் மின் செயல்பாடு எப்போதும் தற்செயலாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அசைவதற்குக் காரணம் எதுவும் இல்லாதபோது, அந்த ஏற்றம் ஓர் எல்லையைத் தொடும் நேரத்தில் கை அசைகிறது. கடற்கரையில் நிற்பவர், அலை தம் காலைத் தொட்ட தருணங்களை மட்டும் எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் நீர் ஏறிக்கொண்டே வந்ததாகத்தான் தெரியும். காலைத் தொட வேண்டும் என்று அலை முன்பே தீர்மானித்ததாக அதற்குப் பொருள் இல்லை.

மணிக்கட்டை மடக்குவதில் யாருக்கும் லாபமோ நட்டமோ கிடையாது. 2019இல் யூரி மாவோஸ் குழுவினர் எடைபோட்டு எடுக்கும் முடிவுகளைச் சோதித்தார்கள். இரண்டு தொண்டு அமைப்புகளில் எதற்கு 1,000 டாலர் நன்கொடை போக வேண்டும் என்று பங்கேற்றவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு சில சுற்றுகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டுக்கும் சம பங்கு போகும். பொருளற்ற இந்தச் சுற்றுகளில் ஆயத்த மின்னழுத்தம் வழக்கம்போல் எழுந்தது. யோசித்து எடுத்த முடிவுகளில் அது தென்படவில்லை.

லிபெட்டேகூடச் சுதந்திரத்தை முழுதாக மறுத்தவர் அல்ல. எண்ணம் எழுந்த பிறகு செயலைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மனிதருக்கு உண்டு என்று கடைசிவரை வாதாடினார். 2016இல் பெர்லின் ஆய்வாளர்கள், மூளையில் ஆயத்த மின்னழுத்தம் எழுந்ததும் கணினி சிவப்பு விளக்கை எரியவிடும் சோதனையை நடத்தினார்கள். அசைவுக்கு 0.2 விநாடி முன்புவரை வந்த எச்சரிக்கைக்குப் பங்கேற்றவர்களால் அசைவை நிறுத்த முடிந்தது.

விதியா முயற்சியா என்ற இந்தப் பழைய வழக்கு திருக்குறளிலும் உண்டு. அதன் 38ஆவது அதிகாரம் ஊழ், 62ஆவது ஆள்வினையுடைமை. ஊழின் வலிமையையும் முயற்சியின் வலிமையையும் ஒரே நூல் பேசுகிறது. பிறப்பு, வளர்ப்பு, உடல்நிலை, வறுமை எல்லாம் நம் முடிவுகளை நெருக்குகின்றன என்பதை யாரும் மறுக்க முடியாது. உலகின் ஒவ்வொரு நிகழ்வும் இயற்கை விதிகளால் முன்பே தீர்மானிக்கப்பட்டதா என்ற பெரிய கேள்வியும், ஃபிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் அதைப் பற்றி எழுதியபோது இருந்ததுபோலவே, இன்றும் நிற்கிறது. அதை ஒரு மணிக்கட்டு அசைவால் தீர்த்துவிட முடியாது.

ஆகவே, மூளை நமக்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், எந்த முடிவைச் சோதித்தார்கள், நேரத்தை எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். மது, கடன், திருமணம், வாக்கு போன்ற முடிவுகளில் நமக்குள்ள பொறுப்பைத் தட்டிக்கழிக்க 1983ஆம் ஆண்டுச் சோதனை சான்று ஆகாது.