செம்மண்ணில் நிற்கும் விரலளவு வீரன்

கட்டைவிரல் அகலத்தைவிடச் சற்றே கூடுதல் உயரம், சுமார் 28 மில்லிமீட்டர். அதற்குள் கவசம், வாள், தாடி, கோபம் எல்லாம் அடக்கம். 'வார்ஹேமர்' போன்ற விளையாட்டுகளுக்கான மினியேச்சர் பொம்மைகள் வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகத்தான் பெட்டியில் வரும். ஒட்டுவதும் வர்ணம் பூசுவதும் வாங்கியவர் பாடு. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட விளையாட்டு வார்ஹேமர். வேர் இன்னும் பழசு: 1913-லேயே எச்.ஜி.வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களின் போருக்கு விதி எழுதிப் புத்தகம் போட்டுவிட்டார்.

நெய்வேலிக்காரர் இந்த வர்ணப் பூச்சைக் கற்க இங்கிலாந்து போக வேண்டியதில்லை. பஸ் ஏறினால் பண்ருட்டி. கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். அடியில் ஒரு பூச்சு, பிறகு உடம்பும் உடுப்பும், நகையும் புருவமும் அப்புறம் என்ற வரிசை இரண்டுக்கும் பொது.

ஆனால் இரண்டு இடங்களில் வழி பிரிகிறது. நம்மூரில் சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. மினியேச்சரில் பலர் கண்ணை முதலிலேயே வரைந்துவிடுகிறார்கள். கோடு பிசகினால் தோல் நிறத்தைப் பூசி மறைத்துவிடலாமே! அடுத்தது நிழல். இவ்வளவு சின்ன உருவத்தில் இயல்பாக விழும் நிழல் போதாது, நாம்தான் பூச வேண்டும். நீர்த்த கரும்பழுப்பு வர்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டால் பள்ளங்கள் இருளும். வெளிர் வர்ணம் தொட்ட பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு மேடுகளில் லேசாக உரசினால் அவை எடுப்பாகும். ஆரம்பத்தில் இது போதும். புருவ மயிரிழைக்கெல்லாம் அவசரமில்லை.

சித்திரை வெயிலில் அக்ரிலிக் வர்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும். டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர் என்று வைத்துக் கலந்தால் தாங்கும். ஐப்பசி ஈரத்தில் ஸ்பிரேயில் அடிக்கும் அடிப்பூச்சு (பிரைமர்) சொரசொரவென்று படியும். அப்போது பிரஷ்தான் நல்லது. நிலக்கரித் தூசியைப் பற்றி நெய்வேலியில் யாருக்கும் சொல்ல வேண்டாம், காயும்வரை மூடி வையுங்கள். பொம்மையின் காலடித் தட்டில் சலித்த செம்மண்ணை ஃபெவிகாலில் ஒட்டினால் வேற்றுக்கிரகம் தயார். (சுரங்கத்து பக்கெட் வீல் எந்திரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ராட்சச எந்திரங்களைக் கற்பனை செய்யச் சொல்லித்தர வேண்டுமா என்ன?)

பூசி முடித்ததைப் போட்டோ எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். போனை மூக்கு முட்ட நெருக்கினால் வாள் முனை தெளியும், முகம் மங்கும். ஓர் அடி தள்ளி வைத்து ஜூம் செய்வதே சரி. பின்னால் சார்ட் பேப்பரை மடிக்காமல் வளைத்து நிறுத்துங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். நேர் வெயில் படாத ஜன்னலோர வெளிச்சத்துக்கு ஈடில்லை. இரவென்றால் ஒரே நிற ஒளி தரும் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் போதும். டியூப்லைட்டோடு மஞ்சள் பல்பைக் கலந்தால் பூசிய நிறமே மாறித் தெரியும். போனை எதிலாவது சாய்த்து டைமர் வைத்தால் கை நடுக்கமும் இல்லை.

திரையில் பெரிதாகப் பார்க்கும்போது, மேஜையில் கண்ணுக்குப் படாத பிசிறெல்லாம் பல்லிளிக்கும். பதற வேண்டாம், எதிரே ஆடுபவர் கைநீளத் தூரத்திலிருந்துதான் பார்க்கப்போகிறார். அந்தப் பிசிறை அடுத்த பொம்மையில் திருத்திக்கொள்ளுங்கள், முடித்ததைச் சுரண்டாதீர்கள்.