ஓசைப் பேழைக்கு உரிய கருவிகள்

மின்கிதாரின் தந்தி அதிரும்போது எழும் நுண்ணிய மின்னலையைப் பெருக்கித் தருவது ஆம்பிளிபயர். அதனை ஓசையாக்குவது ஸ்பீக்கர். இவற்றைத் தாங்கும் மரப்பேழையை வெறும் உறை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஸ்பீக்கர் அதிரும்போது பேழையின் பலகைகளும் உடன் அதிர்கின்றன. மூலையில் ஓர் இணைப்புத் தளர்ந்திருந்தாலும் இசையோடு வேண்டாத இரைச்சல் கலந்துவிடும். ஆதலின், இப்பேழையைத் தாமே செய்ய விழையும் மாணவர், எக்கருவியை முதலில் வாங்குவது என்று ஆராய்தல் வேண்டும். கையிலுள்ள பொருளோ சிறிது. கடையிலுள்ள கருவிகளோ பல.

கருவியைத் தேர்வதற்கு முன் மரத்தையும் இணைப்பையும் தேர்ந்துகொள்க. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் லியோ பெண்டரின் தொழிற்சாலை 1950-களில் செய்த பேழைகள் பெரும்பாலும் பைன் மரத்தால் ஆனவை. அவற்றின் மூலைகள், இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் இணைக்கப்பட்டிருந்தன. இலண்டனில் ஜிம் மார்ஷல் 1960-களில் வெளியிட்ட நான்கு ஸ்பீக்கர் பேழைகளுக்குப் பர்ச் மரத்தின் ஒட்டுப்பலகை பயன்பட்டது.

விரல் இணைப்பின் வலிமை எதனால் வருகிறது? மரத்தின் வெட்டுமுனையில் பசை நன்கு பற்றுவதில்லை; இழை நீளவாக்கில் ஓடும் பக்கத்திலேயே உறுதியாகப் பற்றும். விரல்கள் கோத்துக்கொள்ளும்போது அத்தகைய பக்கங்கள் பல ஒன்றோடொன்று ஒட்டுகின்றன.

இவ்விணைப்புக்கு முதற்கருவி வாள் அன்று, அளவுகோலும் மூலைமட்டமுமே. 240 மில்லிமீட்டர் அகலப் பலகையில் 12 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 20 பிரிவுகள் குறிக்கிறோம் என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் முந்தியதிலிருந்து அளந்து, ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் பிழைத்தால், இறுதியில் பிழை 5 மில்லிமீட்டராகிவிடும்! எல்லாவற்றையும் ஒரே விளிம்பிலிருந்து அளந்தால் இப்பிழை பெருகாது.

அடுத்தது வாள். ஒட்டுப்பலகையின் மேல்தோல் பிய்ந்துபோகாதிருக்கப் பற்கள் நெருங்கிய வாளையே கொள்க. வாளின் பற்கள் தாம் செல்லும் வழியில் மரத்தைத் தின்றுகொண்டே செல்லும். எனவே கோட்டின் மீது அறுக்காமல், கழிக்கப்படும் பகுதியின் பக்கமாக அறுத்தல் வேண்டும். விரல்களின் இடைவெளியைச் செதுக்கக் கூரிய உளியும் கொட்டாப்புளியும் போதும்.

ஸ்பீக்கருக்குரிய வட்டத் துளைக்கு ரௌட்டர் என்னும் மின்கருவி மிக ஏற்றது. 12 அங்குல ஸ்பீக்கருக்குத் துளை 12 அங்குலம் அன்று. விளிம்பைத் திருகாணியால் இறுக்க இடம் வேண்டுமாதலால், சுமார் 11 அங்குலமே. மையத்தில் ஆணி நிறுத்தி, ஆணியிலிருந்து வெட்டலகின் வெளிவிளிம்பு வரை ஐந்தரை அங்குலம் இருக்குமாறு அமைத்து, சிறிது சிறிதாக ஆழத்தைக் கூட்டிச் சுற்றுக. ரௌட்டர் கிட்டாதவர் துளையிட்டு, நுண்வாளால் அறுத்து, அரத்தால் சீராக்கலாம். நேரம் கூடும், அவ்வளவே.

பலரும் மறப்பது பிடிப்பான்கள், அதாவது கிளாம்புகள். பசை உலரும் வரை மூலைகளை இறுக்கி நிறுத்துவன அவையே. குறைந்தது நான்கு வேண்டும். இறுக்கியபின் பேழையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாயின் பேழை சதுரம் பிசகவில்லை என்பது பொருள். ஒன்று நீண்டிருந்தால், அதன் இரு முனைகளையும் நெருக்கிச் சரிசெய்க.

உடலைக் காப்பனவும் கருவிகளே. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் 1995-இல் சேர்த்தது. ஆதலின் முகமூடியும் கண்ணாடியும் இன்றி அறுத்தலும் தேய்த்தலும் ஆகா. ரௌட்டரின் வெட்டலகை மாற்றுமுன் மின்னிணைப்பை நீக்கிவிடுக.

முடிவாக, பொருள் குறைவாயின் அளக்கும் கருவியையும் பிடிப்பான்களையும் நல்லனவாக வாங்குங்கள். பெரிய பலகையை மரக்கடையிலேயே அளவாக அறுத்துப் பெறலாம். மின்கருவியை இரவல் பெறலாம். பிழைபட அளந்த பலகையை விலையுயர்ந்த வாளும் பிழையாகவே அறுக்கும்.