அரையடி வெள்ளரியில் இருபது மீட்டர் இழை

15 செ.மீ. நீளமும் 4 செ.மீ. விட்டமும் கொண்ட ஒரு வெள்ளரிக்காயை, காயைச் சுழற்றி இழைகளாகச் சீவும் கருவியான ஸ்பைரலைசரில் பொருத்தி, 3 மி.மீ. பிளேடைப் போட்டுச் சுற்றுங்கள். சுற்றுக்கு 3 மி.மீ. வீதம் 50 சுற்றில் காய் தீர்ந்துவிடும். தட்டில் விழுந்த இழைகளை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 20 மீட்டர் வரும். ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரையைத் தொடும் நீளம் அது.

இந்தக் கருவியின் அமைப்பு எளிமையானது. ஒரு தட்டில் வரிசையாகச் சிறு பற்கள் நிற்கின்றன. அவற்றை ஒட்டி நீளமான ஒரு பிளேடு படுத்திருக்கிறது. காய் சுழலும்போது பற்கள் அதன் முகத்தில் வட்டத்துக்குள் வட்டமாகக் கீறுகின்றன. பிளேடு அந்த அடுக்கை அடியோடு சீவி எடுக்கிறது. நம் வெள்ளரியில் இப்படி ஐந்து இழைகள் ஒரே நேரத்தில் பிறக்கும். உள்வட்டத்து இழை குட்டை. வெளிவட்டத்து இழை அறுபடாமல் வந்தால் அது மட்டுமே 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

சுழலும் காயிலிருந்து உரித்தெடுக்கும் இந்த உத்தி புதியதல்ல. ஜப்பானியச் சமையல்காரர்கள் வெள்ளை முள்ளங்கியைக் கையால் உருட்டியபடியே, கத்தியை நகர்த்தி, காகிதம்போல் மெல்லிய ஒரே நீளத் தகடாக உரிப்பார்கள். அந்த வித்தைக்கு 'கத்ஸுராமுகி' என்று பெயர். பிளைவுட் ஆலையிலும் மரத்தடியைச் சுழலவிட்டு, நீண்ட பிளேடால் மெல்லிய தகடாக உரிக்கிறார்கள். மரத்தடியோ காயோ, உரிக்க உரிக்கக் கடைசியில் நடுத்தண்டு மிஞ்சும். ஸ்பைரலைசரிலும் பென்சில் கனத்துக்கு ஒரு தண்டு மிஞ்சுகிறது. வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

காய் நொடிக்கு ஒரு சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் வெளி விளிம்பு பிளேடின் மேல் நொடிக்கு 12 செ.மீ.க்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. மையத்திலிருந்து 1 மி.மீ. தொலைவில் அந்த வேகம் ஒரு செ.மீ.கூட இல்லை. நட்டநடுப் புள்ளி நகர்வதே இல்லை. ஆனால் காய் முழுவதும் சுற்றுக்கு 3 மி.மீ. முன்னேறியாக வேண்டும். விளிம்பில் அது மிகச் சிறிய சரிவு. மையத்தை நெருங்க நெருங்கச் செங்குத்து. அங்கே பிளேடு சீவ வழியில்லை, நசுக்கத்தான் முடியும். அதனால்தான் நல்ல கருவிகள் நடுவில் வட்டமான ஒரு சிறு குழாய்ப் பிளேடை வைத்து, அந்தத் தண்டைத் தனியே பிரித்துவிடுகின்றன. காயைக் குத்தி நிறுத்தும் இடமும் அதுவே. காய் மையம் விலகி உட்கார்ந்தாலோ, வளைந்த காயாக இருந்தாலோ, முழுச் சுருளுக்குப் பதிலாகப் பிறைத் துண்டுகள் விழும். சுரைக்காயில் விதைப் பகுதி மென்மையாக இருப்பதால் முள் அதில் நிற்காது. வாங்குமுன் இந்த நடு அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, வெட்டும் விசை. தடித்த கேரட்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளக்கும்போது, பாதி இறங்கியதும் அது 'டக்'கென்று தானே பிளந்துகொள்ளும். இரண்டு கனத்த பாதிகளும் வளையாதவை. கத்தியின் கனம் அவற்றை விலக்கும்போது விரிசல் கத்தியை முந்திக்கொண்டு ஓடுகிறது. 3 மி.மீ. அடுக்கு அப்படியில்லை, எளிதில் வளைந்து விலகிவிடும். ஆகவே வெட்டு பிளேடின் விளிம்பிலேயே நிற்கிறது. இழை சீராக வருகிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி ஆட்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் செடார் சீஸ், சலாமி ஆகியவற்றை வெட்டி அளந்து 2004இல் ஒன்றை விளக்கினார்கள்: அழுத்துவதோடு விளிம்பின் நீளவாக்கிலும் இழுத்தால், அழுத்த வேண்டிய விசை வெகுவாகக் குறைகிறது. அரிவாள்மனையில் காயைச் சறுக்கியபடி தள்ளி நறுக்குபவர்களின் கைக்கு இது பழகிய உண்மை.

காயும் ஒத்துழைக்க வேண்டும். செடியின் செல்கள் தண்ணீரால் விறைத்து நிற்பவை. விறைப்பாக இருந்தால் பிளேடு பட்டதும் சுவர் சட்டென அறுபடும். வாடிய காயில் செல்கள் தொய்ந்து, அறுபடாமல் நசுங்கிக் கிழியும். வாடத் தொடங்கிய கேரட்டைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் போட்டுவைத்தால் விறைப்பு திரும்பும்.

இழைகள் தட்டுக்கு வந்ததும் அவற்றின் குணமும் மாறிவிடுகிறது. முழு வெள்ளரியைவிட அந்த இழைகளின் மேற்பரப்பு ஏறக்குறைய 11 மடங்கு. அதனால் உப்பும் எலுமிச்சைச் சாறும் உடனே ஊறும். சூடும் உடனே ஏறும். 60 டிகிரி செல்சியஸ் அளவில் செல்களின் சவ்வுகள் சிதைந்து உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. 80 டிகிரியைத் தாண்டினால் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்து இழை குழைகிறது. கோதுமை நூடுல்ஸ் வேகும்போது தண்ணீரைக் குடித்து உப்பும்; காய் இழை தண்ணீரை விட்டுச் சுருங்கும். எனவே வெள்ளரி, சுக்கினி இழைகளில் உப்பு தூவி, ஊறும் நீரை வடித்துவிட்டு, சூடான வாணலியில் இரண்டொரு நிமிடம் புரட்டினால் போதும்.

இனித் தேர்வு எளிது. பென்சில் திருகிபோல் கையில் பிடித்துச் சுற்றும் வகை விலை குறைவு, இடமும் அடைக்காது. கேரட், வெள்ளரி போன்ற நீளக் காய்களுக்குப் போதும். பீட்ரூட், சர்க்கரைவள்ளி போன்ற கெட்டியானவற்றுக்கு அதில் மணிக்கட்டு வலிக்கும். காய் தீரும் தறுவாயில் விரல் பிளேடை நெருங்கும். எனவே முள் வைத்த மூடி இல்லாததை வாங்காதீர்கள். கைப்பிடி சுற்றும் மேசை வகை கெட்டிக் கிழங்குகளுக்கும் பெரிய குடும்பத்துக்கும் ஏற்றது. அதன் ரப்பர் கால்களைக் காற்றழுத்தமே பிடித்து நிறுத்துகிறது. வழவழப்பான கிரானைட் மேடையில் அவை அசையாது. டைல்ஸ் இடைக்கோட்டின் மேல் வைத்தால் காற்று புகுந்து கழன்றுவிடும். மின்சார வகை அடிக்கடி, அதிக அளவில் செய்பவர்களுக்கு.

எந்த வகையானாலும் பிளேடைத் தனியே கழற்ற முடிகிறதா, கூடவே தூரிகை தருகிறார்களா என்று பாருங்கள். நார் சிக்கி உலர்ந்தால் கூர்மை பயன்படாது. பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரைவது, உடனே அலசினால் போய்விடும். கேரட்டின் மஞ்சள் எண்ணெயில் கரைவது. பிளாஸ்டிக்கில் படிந்த கறையை இரண்டு சொட்டு சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிஞ்சிய நடுத்தண்டுகளைச் சேர்த்து வைத்தால் அன்றைய சாம்பாருக்கு ஆகும்.