வழிப்போக்கனின் குவளை

துறைமுகப் பட்டினமொன்றின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது? நங்கூரமிட்ட மரக்கலங்களைக் கொண்டா? பண்டசாலைகளைக் கொண்டா? களைத்து வந்து கரையேறியவன் அன்றிரவு எங்கே உண்டான், எங்கே உறங்கினான் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

சோழரின் காவிரிப்பூம்பட்டினத்தை எண்ணிப் பாருங்கள். கள்ளுக் கடைகளில் கொடிகள் பறந்ததையும், அன்னசாலைகளில் வடித்த கஞ்சி தெருவிலே ஆறுபோல் ஓடியதையும் பட்டினப்பாலை காட்டுகின்றது. களிப்புக்கு ஓரிடம், பசிக்கு ஓரிடம். அவ்வூர் உலகவறவி என்னும் அம்பலத்தில் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி, எவர் என்று வினவாது உணவளித்தாள். அப்பாத்திரத்தை அவளுக்கு முன் பெற்றிருந்த ஆபுத்திரனோ, சாவகம் செல்லும் வழியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். பிறர்க்கு ஈயாது தான் மட்டும் உண்ண மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். விருந்தினன் வந்தாலன்றோ விடுதிக்கு வாழ்வு!

காப்பியத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1344இல் இலங்கையை அடைந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, அதற்கு முன் மலையாளக் கரையோரமாகச் சென்றார். அங்கே அரை மைலுக்கு ஒரு மரவீடு, அமர்வதற்குத் திண்ணை, அருகே கிணறு, நீர் வார்க்க ஓர் ஆள். ஆயினும் இந்துவுக்குப் பாத்திரத்தில் தந்த நீரை முஸ்லிமுக்குக் கையிலே வார்த்தனர் என்று அவர் எழுதுகிறார். வழிநெடுக முஸ்லிம்களின் வீடுகள் இல்லையேல் தம்மவர் அவ்வழியே பயணம் செய்திருக்க இயலாது என்றும் கூறுகிறார். தாகம் தீர்க்கப்பட்டது, குவளை மறுக்கப்பட்டது.

கல்லடியில் 1924இல் பாலம் அமையுமுன், மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடிக்கு வருவோர் வாவியைத் தோணியில் கடந்தனர். இன்று பேருந்தில் வந்திறங்குவோனை வரவேற்பது பெருவீதியோரத் தேநீர்க் கடை. அங்கே கள் இல்லை, ஆடம்பரமும் இல்லை. துடைத்த மேசையும் சூடான ரொட்டியுமே உண்டு.

நான் சிறுவனாயிருந்த 1990இல் இப்பகுதியில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரின் குருதியும் சிந்தியது. ஒருவர் கடையில் மற்றவர் அமர அஞ்சிய நாட்கள் அவை. அண்மையில் அத்தகைய கடையொன்றினுள் நுழைந்தேன். "இரிங்க சேர்" என்றார் முதலாளி. அடுத்திருந்த முஸ்லிம் வணிகருக்கு வைத்ததைப் போன்ற குவளையிலேயே எனக்கும் வெறுந்தேநீர் வந்தது.

மாணவர்களே, ஊரின் பெருமை பெரிய விடுதிகளில் இல்லை. வேறுபாடின்றி நீட்டப்படும் அந்தக் குவளையில் இருக்கிறது.