உங்களுக்குத் தெரியுமா? வட்டக்கோட்டை எறும்பின் சாப்பாடு

கன்னியாகுமரிக் கரையிலுள்ள வட்டக்கோட்டைக்கு வருகிறவர்கள் கடலைத்தான் பார்க்கிறார்கள். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பிற்பாடு அவருடைய படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் பலப்படுத்திய கருங்கல் மதில் அது. அதன்மேல் ஏறி நின்றால் கண் வேறெங்கே போகும்? ஆனால் கையிலிருந்து கடலைமிட்டாயில் ஒரு துண்டு நழுவி விழுந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இந்தமுறை, அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி.

● கடலோர எறும்புக்கு உப்பு ருசிப்பதில்லை. அமெரிக்கப் பூச்சியியலாளர் மைக்கேல் காஸ்பரியும் உடன் ஆய்வாளர்களும் வட, தென் அமெரிக்கக் காடுகளில் உப்புத் தண்ணீரையும் சர்க்கரைத் தண்ணீரையும் வைத்துப் பார்த்தார்கள். கரையோரத்தில் சர்க்கரைக்குத்தான் கூட்டம். கடலை விட்டு 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகப்போக, எறும்புகள் உப்பையும் தேடி மொய்த்தன. முடிவு 2008-இல் வெளியானது. செடிகொடிகளில் சோடியம் மிகக் குறைவு. கரையோரத்தில் கடற்காற்றும் மழையும் அதைக் கொண்டுவந்து தூவிவிடுகின்றன. உள்நாட்டில் அந்த வசதி இல்லை. இறைச்சி தின்னும் எறும்புகளுக்கோ இரையின் உடம்பிலேயே உப்பு கிடைத்துவிடுகிறது. வட்டக்கோட்டை மதிலில் அலைச்சாரலே அடிக்கிறது. சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களும் பக்கத்தில்தான். இங்குள்ள எறும்பு என்ன சொல்கிறது என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், இரண்டு சிரட்டை போதும்.

● வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது. இடுப்பு அத்தனை ஒடுக்கம். நீராகாரம் மட்டுமே அதைத் தாண்டும். வாய்க்குள் ஒரு சிறு பை இருக்கிறது. சாற்றைப் பிழிந்து குடித்தபின் மிஞ்சும் சக்கை அதில் சேர்ந்து உருண்டையாகும், பிறகு துப்பப்படும். அப்படியானால் பூச்சிக் காலையும் கருவாட்டுத் துணுக்கையும் எதற்குச் சுமந்துபோகிறது? குழந்தைகளுக்கு. பல இனங்களில் கெட்டி உணவைக் கரைக்கும் வேலை புழுப்பருவக் குஞ்சுகளுடையது. அவை தின்று, கரைத்து, சத்துநீரைப் பெரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. வீட்டில் பல் இருப்பது பாப்பாவுக்கு மட்டும்!

● எறும்புக்கு வயிறு இரண்டு. ஒன்று தனக்கு. முன்னால் இருக்கும் இன்னொன்று ஊருக்கு. அதில் நிரப்பி வந்ததை வாயோடு வாய் வைத்து மற்றவர்களுக்கு ஊட்டும்.

● கருப்பட்டியா, கருவாடா? இரண்டும் கிடைக்கிற கரை இது. சர்க்கரை, ஓடியாடும் வேலைக்கார எறும்புக்கு எரிபொருள். புரதம், வளரும் குஞ்சுகளுக்கும் முட்டையிடும் ராணிக்கும். புற்றில் குஞ்சுகள் பெருகும்போது வேலைக்காரிகள் புரதத்தைக் கூடுதலாகத் தேடுகிறார்கள். நேற்றுவரை சர்க்கரை டப்பாவைச் சுற்றிய கூட்டம் இன்று மீன்முள்ளுக்கு மாறியிருந்தால் அது நாக்கின் சபலமல்ல, தொட்டில் நிறைந்திருக்கிறது. (ஆம், வேலைக்காரிகள்தான். உணவு தேடி அலையும் எறும்பு அத்தனையும் பெண்.)

● பனையேறிகளுக்குத் தெரிந்த தொல்லை ஒன்று: கலயத்து அக்கானியில் மிதக்கும் எறும்பு. பாளை சீவிய இடத்தில் இனிப்பு கசிகிறது என்ற செய்தி, மரத்தின் உயரம் முழுவதும் வாசனைக் கோடாக இறங்கி வருகிறது. வயிறு நிறைந்து திரும்பும் எறும்புதான் இந்தக் கோட்டை இழுக்கும். பின்னால் வருகிறவர்களும் நிறைந்து திரும்பினால் கோடு தடிக்கும். வெறும் வயிற்றோடு திரும்பினால் யாரும் புதுப்பிக்கமாட்டார்கள், கோடு ஆவியாகிவிடும். தலைவன், உத்தரவு எதுவும் கிடையாது.

● நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சாலை நடுத்திட்டுகளில் வாழும் எறும்பும் பிற பூச்சிகளும் எவ்வளவு எச்சில் பண்டம் தின்கின்றன என்று கணக்கிட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. இரண்டு நீண்ட தெருக்களின் திட்டுகளில் மட்டும், ஆண்டுக்கு 60,000 ஹாட்டாக் எடைக்குச் சமமான குப்பை உணவைத் தீர்த்துவிடும் திறன் அவற்றுக்கு இருக்கிறதாம். பூங்காவைவிடத் தெருவோரத்தில்தான் விழுந்த உணவு வேகமாக மறைந்தது. அந்த எறும்புகள் தின்னாததை எலி தின்றிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கூடுதல் குறிப்பு. சுற்றுலா இடங்களில் எறும்புப்பொடி தூவச் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

காட்டிலும் இதே கதைதான். போர்னியோ மழைக்காட்டில் ஒரு பகுதியில் எறும்புகளை மட்டும் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள். தரையில் வைத்த உணவு அகற்றப்பட்டதில் பாதிக்குச் சற்று மேல், 52 சதவீதம், எறும்புகளின் வேலை என்று தெரிந்தது. அவை இல்லாத இடத்தை வேறெந்த உயிரும் நிரப்பவில்லை.

● கடிக்காது, திக்குத்திசை இல்லாமல் ஓடும். பிள்ளையார் எறும்பு என்று சொல்லி வீட்டில் விட்டுவைப்போம். அந்தக் கறுப்பு ஓட்டக்காரர்களில் நீண்ட உணர்கொம்புள்ள ஓர் இனம் பெரிய துண்டைக் கூட்டாகத் தூக்குவதில் கெட்டிக்காரர். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-இல் கண்டது: சுமக்கிற கூட்டத்துக்கு வலு உண்டு, வழி தெரியாது. புதிதாக வந்து சேரும் ஓர் எறும்பு சரியான பக்கம் இழுக்கும். கூட்டம் அதற்கு இணங்கும். பத்து இருபது நொடியில் அதுவும் வழி தெரியாதவர்களில் ஒன்றாகிவிடும். அடுத்த ஆள் வரவேண்டும்.

● நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு அறுவடை. சிந்திய மணிகளுக்கும் ஓர் அறுவடை நடக்கிறது. விதை சேர்க்கும் எறும்புகளின் புற்றுவாயில் உமிக்குவியல் இருக்கும். தோலுரித்து உள்ளே வைத்து, உமியை வெளியே கொட்டுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் புனேயில் இருந்த கர்னல் சைக்ஸ், மழையில் நனைந்த விதைகளை எறும்புகள் வெளியே கொண்டுவந்து வெயிலில் காயவைப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். எறும்புக்கு ஏது இவ்வளவு முன்யோசனை என்று அன்றைய ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை.

தமிழன் எப்போதோ பார்த்துவிட்டான். சிறுகுடி கிழான் பண்ணனைச் சோழன் கிள்ளிவளவன் பாடிய புறநானூற்றின் 173-ஆம் பாட்டில், கையில் சோற்றோடு வரிசையாகப் போகும் பிள்ளைகளுக்கு, மழைக்கு முன் முட்டை சுமந்து மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசைதான் உவமை. அரசன் ஒருவன் எறும்பை உற்றுப் பார்த்திருக்கிறான் என்பதே எனக்குப் பிடித்த விஷயம்.

● மாமரத்தில் ஏறியவர்களுக்கு முசுறை அறிமுகம் செய்ய வேண்டாம். இலைகளைச் சேர்த்து இழுத்துப்பிடிப்பது பெரிய எறும்பு. தைப்பதற்கான பட்டுநூல் அதன் புழுவிடமிருந்து வருகிறது. புழுவைக் கவ்விப் பிடித்து இலைக்கு இலை தொட்டுத் தொட்டு ஒட்டுகிறார்கள். பகலெல்லாம் பூச்சி வேட்டை. அதனால்தான் கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சீன நூல், நாரத்தை வகைத் தோட்டங்களைப் பூச்சிகளிடமிருந்து காக்க இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றதைப் பேசுகிறது. முசுறைத் தின்கிறவர்களும் உண்டு. ஒடிசாவின் மயூர்பஞ்சில் இதை இஞ்சி, பூண்டு, மிளகாயோடு அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு அது 2023-இலேயே வந்துவிட்டது.

● அந்த மட்டி வாழைக்கும் எறும்பால் ஓர் ஆபத்து. வாழை அசுவினி சாற்றை உறிஞ்சி, மிச்ச இனிப்பைக் கழிவாக விடுகிறது. அதைக் குடிக்க எறும்பு வருகிறது. குடித்துவிட்டுப் போய்விடாமல், அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளையும் விரட்டுகிறது. இதே அசுவினிதான் முடிக்கொத்து நோயின் வைரஸைக் கன்றுக்குக் கன்று கடத்துகிறது. வாழையில் எறும்பு வரிசை கண்டால் வரிசையின் மறுமுனையைப் பார்க்க வேண்டும்.

● ஆமணக்கு விதையின் நுனியில் வெளிறிய ஒரு சிறு குமிழ் இருக்கும். கொழுப்புச் சத்துள்ள அந்தக் குமிழ் எறும்புக்குக் கூலி. விதையைச் சுமந்துபோய்க் குமிழை மட்டும் கொறித்துவிட்டு மற்றதை எறிந்துவிடும். உள்ளே இருப்பதோ ரிசின் என்னும் கொடிய நஞ்சு. எறிந்த இடத்தில் செடி முளைக்கும்.

● சருகுக்கு நடுவே கறுப்பாக, அகலமாக ஓர் ஊர்வலம் போனால் சர்க்கரையை எதிர்பார்க்காதீர்கள். அது கறையான் வேட்டை. தென்னிந்தியாவில் பரவலான இந்த இனத்துக்கு 1851-இல் பெயர் வைத்தவர், பறவை நூல்களுக்குப் புகழ்பெற்ற மருத்துவர் ஜெர்டன். ‘புரொசெஷனாலிஸ்’ என்றே வைத்தார்.

● எல்லா எறும்பும் துப்புரவுப் பணியாளர் அல்ல. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவார ஊர்களில் மஞ்சள் பித்து எறும்பு பெருகியது. கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடுமாடுகளின் கண்கள் புண்ணாயின, காட்டோரத்தில் மேய்ப்பவர்கள் இடம் மாறினார்கள். இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. அங்கே அதற்கு ஊக்கம் கொடுத்ததும் செதில்பூச்சிகள் சுரக்கும் இனிப்புத்தான். அந்தப் பூச்சியை ஒழிக்க 2016-இல் ஒரு நுண்குளவியை இறக்கினார்கள்.

● சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதியாக இருக்கலாம் என்று பாட்டிமார் சொன்னதில் உண்மை உண்டு. இப்போது அதற்கும் ஒருபடி மேலே. 2023-இல் பிரான்சில், இனிப்பைக் கூலியாகக் கொடுத்துப் பழக்கிய எறும்புகள், புற்றுக்கட்டியுள்ள எலியின் சிறுநீரை வாசனையாலேயே பிரித்துச் சொல்லின.

● விதை காயவைத்த எறும்புகளைப் பார்த்த அதே சைக்ஸின் வீட்டில், இனிப்பு மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். எறும்புகள் கொஞ்சநாள் திண்டாடின. பிறகு பக்கத்துச் சுவரில், மேசைக்குச் சுமார் ஓர் அடி மேலே ஏறி, அங்கிருந்து நேராகப் பலகாரத்தின் மேல் குதித்தன.