தாகமும் தலைவலியும்

பிற்பகல் மணி ஒன்றரை. பள்ளித் திடலில் விளையாட்டுப் போட்டிக்கான அணிவகுப்புப் பயிற்சி அப்போதுதான் முடிந்திருந்தது. மாணவி ஒருத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு மரநிழலில் அமர்ந்தாள்.

“டீச்சர், தலை ரொம்ப வலிக்கிறது. மாத்திரை இருக்கிறதா?” என்று கேட்டாள்.

ஆசிரியை மாத்திரையைத் தேடவில்லை. “காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாய்?” என்று வினவினார்.

அவள் சற்று யோசித்தாள். வீட்டிலிருந்து புறப்படும்போது அரைக் குவளை மைலோ. ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய இனிப்புப் பானம். அவ்வளவுதான். வீட்டில் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் புட்டி, பைக்குள் திறக்கப்படாமலேயே கிடந்தது.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பார்கள். ஆனால், வலி வந்த பின்னரும் அதன் காரணத்தை நாம் சரியாக அறிந்துகொள்வதில்லை. தூக்கம் போதவில்லை, தேர்வு நெருங்குகிறது, கைப்பேசியை அதிக நேரம் பார்த்துவிட்டோம் என்று பல காரணங்களைச் சொல்கிறோம். இவையும் தலைவலியை உண்டாக்கக்கூடியவையே. ஆயினும், வெயில் காலத்தில் உடலில் நீர் குறைவதும் தலைவலிக்கு ஒரு காரணம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மிக எளிய காரணம் என்பதாலேயே அது நம் கண்ணில் படுவதில்லை.

மலேசியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் வெப்பமாகவே இருக்கிறது. பெர்லிஸ் மாநிலத்தில் உள்ள சுப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கடும் வெப்பத்தின் காரணமாக வட மாநிலங்களில் பல பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஓரிடத்தின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 பாகை வரை இருந்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறை அதனை முதல் நிலை எச்சரிக்கையாக அறிவிக்கிறது. 37 பாகையைத் தாண்டி 40 பாகை வரை நீடித்தால் அது வெப்ப அலை எனப்படும். இத்தகைய நாள்களில் நம் உடலுக்குள் என்ன நடக்கிறது?

வளர்ந்த மனிதனின் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு நீர்தான். மூளையிலோ நான்கில் மூன்று பங்கு நீர் உள்ளது. வெப்பம் கூடும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வையை வெளியேற்றுகிறது. வியர்வை தோலின் மீது பட்டு ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. ஆனால், நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். அதனால் வியர்வை விரைவில் ஆவியாவதில்லை. சட்டையை நனைத்துவிட்டுக் கீழே சொட்டுகிறது. உடல் போதிய அளவு குளிராததால் மேலும் மேலும் வியர்க்கிறது. வெயிலில் ஓடி விளையாடும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையை இழக்கக்கூடும்.

இந்த அளவை நம் உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒருவர் ஒரு லிட்டர் நீரை இழந்தால், அது அவருடைய உடல் எடையில் 2 விழுக்காடு ஆகும். பார்ப்பதற்கு இது சிறிய அளவாகத் தோன்றலாம். எனினும், இந்த அளவு இழப்பிலேயே உடல் சோர்வடையும், கவனம் சிதறும், தலைவலியும் தோன்றலாம்.

நீர் குறைந்தால் தலை ஏன் வலிக்க வேண்டும்? மூளைத் திசுவுக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. ஆனால், மூளையைச் சுற்றியுள்ள உறைகளும் இரத்தக் குழாய்களும் வலியை உணரக்கூடியவை. உடலில் நீர் குறையும்போது மூளைத் திசு மிகச் சிறிதளவு சுருங்குகிறது என்றும், அப்போது இந்த உறைகள் இழுபடுவதால் வலி உண்டாகிறது என்றும் மருத்துவர்கள் கருதுகின்றனர். உடலில் நீர் மீண்டும் சேர்ந்ததும் மூளை பழைய நிலைக்குத் திரும்புகிறது, வலியும் தணிகிறது.

“எனக்குத் தாகமே எடுக்கவில்லையே!” என்று சிலர் கூறலாம். இரத்தத்தில் நீர் குறைந்து உப்பின் செறிவு கூடும்போது, அதனை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறிய பகுதி கண்டறிகிறது. அது தாக உணர்வைத் தூண்டுகிறது. சிறுநீரகங்கள் நீரைச் சேமிக்கவும் வழி செய்கிறது. ஆகவே, தாகம் எடுக்கும் வேளையில் உடல் ஏற்கெனவே ஓரளவு நீரை இழந்துவிட்டது என்பதே பொருள். மேலும், விளையாட்டிலோ பாடத்திலோ மூழ்கியிருக்கும்போது தாகத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. தாகத்தைவிட நமக்கு எளிதில் உதவும் அடையாளம் சிறுநீரின் நிறம். அது இளமஞ்சளாக இருந்தால் உடலில் போதிய நீர் உள்ளது எனலாம். அடர்மஞ்சளாக மாறினால் உடல் நீரைக் கேட்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

நீர்க்குறைவால் வரும் தலைவலி பெரும்பாலும் தலை முழுவதும் மந்தமாகவோ ‘விண் விண்’ என்றோ வலிக்கும். குனியும்போதும் நடக்கும்போதும் தலையை அசைக்கும்போதும் வலி கூடும். வாய் உலர்தல், தலைசுற்றல், சோர்வு ஆகியவையும் உடன் வரலாம். நிழலில் ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால், பெரும்பாலோருக்கு அரை மணி முதல் மூன்று மணி நேரத்திற்குள் இவ்வலி குறைந்துவிடும். இதுவே இதனை அடையாளம் காண உதவும் சிறந்த சோதனையாகும்.

இவ்வாறிருக்க, வலி வந்தவுடனே மாத்திரையை நாடுவது சரியா? மாத்திரை வலியை மறைக்கலாம். இழந்த நீரைத் திருப்பித் தராது. வலி நிவாரணிகளுள் சில, உடலில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகங்களுக்குச் சுமையாகவும் அமையும். மாதத்தில் பல நாள்கள் இத்தகைய மாத்திரைகளை உட்கொள்ளும் பழக்கமே தலைவலிக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. எனவே, மருத்துவரின் அறிவுரையோ பெற்றோரின் அனுமதியோ இன்றி மாத்திரைகளை உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

மாணவர்கள் பலர் பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு மறதி மட்டுமே காரணமன்று. பள்ளிக் கழிப்பறை தூய்மையாக இல்லை என்பதற்காகவே சிலர், குறிப்பாக மாணவிகள், வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்க்கின்றனர். பாட வேளையில் அனுமதி கேட்கக் கூச்சப்படுவோரும் உளர். இதனைத் தனிமனிதரின் குறையாக மட்டும் பார்ப்பது முறையாகாது. கழிப்பறையைத் தூய்மையாக வைத்திருப்பது பள்ளிக்கும் அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாணவருக்கும் உரிய கடமை. குழாயை மூடுவதும், பயன்படுத்திய பின் நீரூற்றுவதும் சிறிய செயல்கள்தாம். ஆயினும், அடுத்து வருபவர் தயங்காமல் தண்ணீர் குடிக்க அவை துணைபுரிகின்றன.

பொதுவாக, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுக் குவளை தண்ணீர் அருந்துவது நல்லது. வெயிலில் விளையாடும் நாள்களில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அதனை ஒரே மூச்சில் குடிக்காமல், காலை முதல் இரவு வரை பகிர்ந்து குடிக்க வேண்டும். குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்து நேரலாம். இளநீர், மோர், தர்ப்பூசணி, வெள்ளரிக்காய், ரசம் போன்றவையும் உடலுக்கு நீரைத் தருகின்றன. சிரப் பண்டோங், தே தாரேக் போன்ற இனிப்புப் பானங்களிலும் நீர் உண்டு. ஆனால், அவற்றோடு சேரும் சர்க்கரை உடலுக்கு வேண்டாத சுமை. நோன்பிருக்கும் நண்பர்கள், நோன்பு திறந்தது முதல் அதிகாலை உணவு வரை சிறிது சிறிதாக நீர் அருந்தி ஈடுசெய்யலாம்.

எல்லாத் தலைவலிக்கும் தண்ணீரே மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. திடீரென்று கடுங்காய்ச்சலும் கண்களின் பின்புறத்தில் வலியும் சேர்ந்து வந்தால், அது டிங்கிக் காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீர் குடித்தும் குறையாத வலி, தொடர்ந்த வாந்தி, கழுத்து விறைப்பு, அடிக்கடி திரும்ப வரும் தலைவலி ஆகியவற்றுக்கும் மருத்துவரை நாட வேண்டும். வெயிலில் இருந்த ஒருவர் உளறினாலோ மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். உதவி வரும்வரை அவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

அன்று அந்த மாணவி நிழலில் அமர்ந்து, தன் புட்டியிலிருந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்தாள். ஒரு மணி நேரத்தில் வலி தணிந்தது. மாத்திரை தேவைப்படவில்லை. மறுநாள் பயிற்சி தொடங்குமுன், அவள் தன் அணியினரைப் பார்த்து, “முதலில் எல்லாரும் தண்ணீர் குடியுங்கள், பிறகு நடப்போம்” என்றாள்.

மாணவர்களே, அடுத்த முறை வெயிலில் தலை வலித்தால், உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: “நான் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தேன்?” அதற்கான விடை பல வேளைகளில் உங்கள் புத்தகப் பைக்குள்ளேயே இருக்கும்.